ஜுசாராவின் எண்ணில் வாங்கிய சாமான்கள்

உங்கள் வரி எண்ணை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், தாளைப் பார்க்காமல் சொல்வீர்களா? பிரேசிலில் சொல்வார்கள். பதினொரு இலக்கம். தலைவலி மாத்திரை ஒன்று வாங்கினாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "ரசீதுல நம்பர் போடணுமா?" என்று கேட்பாள். வாங்குகிறவன் பின்னால் நிற்கிற வரிசைக்கெல்லாம் கேட்கும்படி கடகடவென்று ஒப்பிப்பான். சாவ் பாவ்லோ மாநிலத்தில் அப்படிச் சொன்னால், கடைக்காரன் கட்டிய வரியில் ஒரு துளி அந்த எண்ணுக்குத் திரும்பி வரும். மாதாமாதம் ஒரு குலுக்கலும் உண்டு. வருகிற காசு சொற்பம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

ஜுசாராவுக்கு அவள் எண் பன்னிரண்டு வயதிலேயே மனப்பாடம். அப்பா வால்டெமீர்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார். அவரிடம் ஒரு சின்ன லாரி இருந்தது, வாடகைக்கு ஓட்டினார். சிறு தொழில்காரன் என்று பதிவு செய்திருந்ததால் மாதாமாதம் ஒரு சின்ன வரியோடு போயிற்று. வருஷ வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் அது எகிறிவிடும். அதனால் தன் எண்ணில் ஒரு கிலோ சர்க்கரை கூட வாங்கமாட்டார். செலவு ஏறினால் இவனுக்கு வரவு எங்கேயிருந்து என்று கேட்பார்கள் என்று பயம். வீட்டு அரிசி, பீன்ஸ், கேஸ் சிலிண்டர் எல்லாம் மகள் எண்ணில்தான் வந்தன. துப்பான் ஊரில் இப்படிச் செய்கிற குடும்பம் இது ஒன்று மட்டும் இல்லை.

மகள் மரிலியாவில் பல்கலைக்கழகம் சேர்ந்த அன்றைக்கு அவரே, இனிமேல் உன் எண்ணை நாங்கள் போடமாட்டோம், உதவித்தொகைக்காரர்கள் பார்ப்பார்கள், உன் கணக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா க்ளெவுசா அன்றிலிருந்து தன் எண்ணைச் சொல்லிப் பழகிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்பவள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரெயால் சம்பளம்.

மரிலியாவில் ஜுசாராவுக்கு இலவசமாகக் கிடைத்தது மாணவர் விடுதியில் பாதி அறை. மற்றப் பாதியில் கிரெய்சி இருந்தாள், விலங்கு மருத்துவம் படிக்கிறவள். அந்த அறை இருந்ததால்தான் ஜுசாராவால் படிக்க முடிந்தது. வெளியில் ஓர் அறைக்கு எழுநூறு ரெயால். அம்மாவால் அனுப்ப முடிந்தது முந்நூறு. அறை போனால் ஊருக்குத் திரும்பி எங்கேயாவது கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

அந்த முந்நூறை அவள் இழுத்த இழுப்பு விடுதியிலேயே பேர் பெற்றது. மதியம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிட்டு, ஆரஞ்சுப் பழத்தை மட்டும் பையில் போட்டுக்கொள்வாள், அது ராத்திரிக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூடாரம் பிரிக்கிற நேரம் பார்த்துப் போவாள், அடிபட்ட தக்காளி ஒரு பெட்டி இரண்டு ரெயாலுக்கு வரும். குளியல் இரண்டு நிமிஷம். போன அக்டோபரில் அவள் கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு ரெயால் வந்து விழுந்தபோது குலுக்கலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு, ஒரு ஜோடி ஷூவும் ஒரு கம்பளியும் வாங்கினாள். அதற்கும் ரசீதில் எண் போட்டாள்.

ஜூன் மாதம், அங்கே அது குளிர்காலம், அறையைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. பெற்றோர் வருமானச் சான்று, வங்கித்தாள், வீட்டு மின்கட்டணம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏதாவது இணைக்க விரும்பினால் இணைக்கலாம் என்று கடைசியில் ஒரு கட்டம். இந்த வருஷம் அறை குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்று பேச்சு. கிரெய்சிதான் யோசனை சொன்னாள்.

"உன் ரசீதுப் பட்டியலை அனுப்புடீ. வருஷம் பூரா நீ தின்னது எல்லாம் அதுல இருக்குல்ல. படிச்சுப் பாத்தா அழுதுடுவாங்க. அறையோட ஒரு கோழியும் சேத்துக் குடுப்பாங்க."

ஜுசாராவுக்கு அது பிடித்துப்போயிற்று. தன் சிக்கனத்தைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் உண்டு. கடைசி நாள், கடைசி அரை மணி நேரம், எல்லாரும் ஒரே சமயத்தில் ஏற்றியதில் அந்தத் தளம் நத்தையாக ஊர்ந்தது. பன்னிரண்டு மாதப் பட்டியலை இறக்கினாள், திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றினாள். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. நிம்மதியாகப் போய் ஆரஞ்சை உரித்தாள்.

ஒன்பது நாள் கழித்து ஒடெச்சி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மாணவர் உதவிப் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிற சமூகப் பணியாளர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மேசையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் காப்பி.

"இந்தப் பட்டியலை அனுப்பறதுக்கு முன்னாடி நீ பாத்தியாம்மா?"

"இல்ல மேடம். சின்னதுதானே இருக்கும்னு…"

"நான் இதைக் கேக்கவே இல்ல. நீயா வலிய அனுப்பியிருக்கே."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கீழே மொத்தம் போட்டிருந்தது. முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு ரெயால். ஜுசாரா அதை முதலில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்றுதான் படித்தாள். ஒடெச்சி மேடம் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகக் காட்டினார். அவள் அம்மா ஒன்றரை வருஷம் பானை தூக்கினால்கூட வராத காசு.

யாரோ என் எண்ணைத் திருடிவிட்டார்கள் என்றாள் ஜுசாரா.

"எந்தத் திருடன்மா உனக்குக் காசு போய்ச் சேரட்டும்னு உன் நம்பரைச் சொல்லிப் பொருள் வாங்குவான்?" என்று கேட்டார் ஒடெச்சி மேடம். கேலியாகச் சொல்லவில்லை. இது அவருக்கும் விளங்கவில்லை.

ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மரிலியாச் சந்தைக் கடைகளிலும் ரொட்டிக்கடையிலும் நாலும் ஐந்துமாகப் போன வரிகள் ஜுசாராவுடையவை. மற்றதெல்லாம் ஓரீன்யோஸ் ஊரில். அந்த ஊருக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. போன வருஷம் ஜூன் பதினான்கு, ஒரு மருந்துக்கடை. குழந்தைப் பால்மாவு இரண்டு டின், டயபர் மூன்று கட்டு, இருப்பதிலேயே சின்ன அளவு. அடுத்த வாரம் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. ஜூலையில் ஒரு தொட்டில், ஒரு கொசுவலை. செப்டம்பரில் டயபர் நடு அளவுக்கு மாறியது. நவம்பரில் ஒரு வாஷிங் மெஷின், பத்துத் தவணை. ஜனவரியில் டயபர் பெரிய அளவு. ஒரு குழந்தை ரசீதுகளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது.

யாருடைய குழந்தை என்று அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. மார்ச் மாத ரசீதைத் திறந்தபோது டயபருக்கு அடுத்த நாள், அதே ஊரில், லாரி டயர் இரண்டு. பக்கத்தில் அளவு போட்டிருந்தது. அந்த அளவு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு டயர்க்கடைக்குப் போய், அவர் கடைக்காரனிடம் பேரம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தன் எண் மாதிரியே அதுவும் மனப்பாடம்.

மே மாதத்தில் ஒரு கேக். நீல பலூன் ஐம்பது. காகிதத் தட்டு. ஒன்று என்ற எண் வடிவத்தில் ஒரு மெழுகுவத்தி, மூன்று ரெயால் தொண்ணூறு.

ஜுசாரா மெழுகுவத்தி என்ற வரியை மூன்று தடவை படித்தாள். ஒடெச்சி மேடம் பிளாஸ்க்கைத் திறந்து, ஒரு சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றி, சர்க்கரையை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டு அவள் கையில் வைத்தார்.

அந்த டயர் அப்பாவின் வண்டிக்கு என்று ஜுசாரா சொன்ன பிறகு விதியைச் சொன்னார். இந்தச் செலவு என்னுடையது என்று ஜுசாரா சொன்னால் அறை போய்விடும். என் அப்பாவுடையது என்று எழுதிக் கொடுத்தால், அப்பா காட்டிய வருமானம் பொய் என்று ஆகும், உண்மை வருமானத்தைக் கூட்டினால் குடும்பம் விடுதி அறைக்கான வருமான வரம்பைத் தாண்டிவிடும், அப்போதும் அறை போய்விடும். எதையும் எழுதாமல் விட்டாலும் போய்விடும். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மேலே அனுப்ப வேண்டும்.

ஜுசாரா எழுந்தபோது ஒடெச்சி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஒரே குடும்பமா இருந்தாத்தான் அவர் வருமானத்தைச் சேப்போம். உங்கம்மா பிரிஞ்சு இருக்காங்கன்னா அவங்க சம்பளம் மட்டும்தான் கணக்கு, அவர் ரசீதைப் பத்தி நாங்க கேக்கமாட்டோம். அதுக்கு அவங்களே வந்து எழுதிக் கையெழுத்துப் போடணும், ரெண்டு சாட்சியோட. நான் உனக்கு வழி சொல்லல. விதி என்னன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால், சிலிண்டர்கள் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வண்டியில் இருந்தார். எப்போதும் போல உற்சாகமாகத்தான் எடுத்தார்.

"என்ன கண்ணு, காசு தீந்துபோச்சா? நீயுமா?"

"ஓரீன்யோஸ்ல யாருக்குப்பா ஒரு வயசு ஆச்சு?"

வண்டி ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இண்டிகேட்டர் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. யார் சொன்னது என்று கேட்டார்.

"நீங்கதான்பா சொன்னீங்க. கடைகடையா சொல்லியிருக்கீங்க."

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார். அவள் பெயர் ரோசிலெனி, டயர்க்கடையில் கணக்கெழுதுகிறவள், இரண்டரை வருஷமாகப் பழக்கம், பையன் பெயர் ஒட்டாவியோ. திட்டம் போட்டு எதுவும் நடக்கவில்லை. வாடகை ஓட்டம் குறைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னது பொய். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஜுசாரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எண் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கல்லாவில் யாரும் கட்டாயப்படுத்துவதில்லையே.

"சொல்ல வாய் வரல கண்ணு. என் நம்பரைச் சொல்ல முடியாது. வேண்டாம்னா காசு யாருக்கும் இல்லாம போகுது. உனக்காவது வரட்டுமேன்னு…" கொஞ்சம் நிறுத்திவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "அந்தக் காசு வந்துச்சா இல்லையா?"

ஜுசாரா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஷூ புதுசாகத்தான் இருந்தது.

இதெல்லாம் என் செலவு என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் அவர். போட்டால் வரித்துறை ஐந்து வருஷத்தைத் தோண்டும், வண்டியை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும், பிறகு யாருக்கும் சோறு இல்லை. அதற்குப் பதில் ஒன்று செய்வதாகச் சொன்னார். விடுதியை விட்டுவிடு, வெளியில் அறை எடு, மாதம் எழுநூறு நான் தருகிறேன், கையில் தருகிறேன், ஒரு மாதம்கூடத் தவறாது. அம்மாவிடம் மட்டும் வாய் திறக்காதே.

"அம்மா இந்தக் குளிர்ல பச்சத் தண்ணில குளிக்கிறாங்கப்பா."

"அது அவ சிக்கனம். நானா சொன்னேன்?"

அவர்தான் சொன்னார். ஷவர் சூடானால் மின்கட்டணம் ஏறுகிறது, ஓட்டம் சரியாகும் வரை அணைத்து வை என்று போன குளிர்காலத்தில் அவர் சொன்னபோது ஜுசாராவும் அதே சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல யோசனை என்று கூடச் சொன்னாள். அவள் போனை வைத்துவிட்டாள்.

அறையில் கிரெய்சி நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடிச்சு மாட்டினவங்களப் பாத்திருக்கேன். போனை மறந்து வெச்சு மாட்டினவங்களப் பாத்திருக்கேன். ரசீதுக் காசுக்கு ஆசைப்பட்டு மாட்டின மனுஷனை இப்பதான்டீ பாக்கறேன்."

ஜுசாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் நிற்கவில்லை, பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கிரெய்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழுது முடித்ததும், எழுநூறு சும்மா இல்லை, வாங்கிக்கொள், இன்னும் இரண்டு வருஷம்தானே, படிப்பை முடித்துவிட்டு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். தப்பான யோசனை என்று ஜுசாராவுக்குப் படவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் அவள் போனில் வாடகை அறைகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். சன்னல் உள்ள ஓர் அறை அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். தினமும் அந்த நேரம்தான். பின்னால் குக்கரில் பீன்ஸ் வேகிற சத்தம். அம்மா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பல் டாக்டரிடம் போனேன், தொள்ளாயிரம் ஆகும் என்றான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன், ஒரு பக்கமாக மென்றால் வலி தெரியவில்லை. பாவம் உங்கப்பா, இந்த மாதமும் ஓட்டம் இல்லை என்கிறார். மரிலியா பஸ் டிரைவரிடம் ஓர் உறையில் முப்பது ரெயால் கொடுத்துவிட்டிருக்கிறேன், மறக்காமல் போய் வாங்கிக்கொள், இறைச்சி வாங்கிச் சாப்பிடு.

ஜுசாரா சொல்லிவிட்டாள். எப்படி ஆரம்பித்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுமுனையில் அடுப்பை அணைக்கிற சத்தம். குக்கரின் சீறல் அடங்கியதும் அம்மா பேசினாள்.

"பையனா, பொண்ணா?"

"பையன். ஒட்டாவியோன்னு பேரு."

"எத்தனை வயசு?"

"ஒண்ணு முடிஞ்சிருச்சும்மா. மே மாசம் கேக் வாங்கியிருக்காரு."

"அப்போ போன வருஷம் மே." அம்மா மெதுவாகச் சொன்னாள், சந்தையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிற மாதிரி. "ஜூன்லதானே ஷவரை அணைக்கச் சொன்னான். முதல் வாரம் பல்லு கிடுகிடுன்னு ஆடிச்சு. அப்பறம் ஒடம்பு பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

வேறு என்னவெல்லாம் வாங்கினான் என்று கேட்டாள். ஜுசாரா பால்மாவைச் சொன்னாள், தொட்டிலைச் சொன்னாள், டயபரைச் சொன்னாள், பலூனைக்கூடச் சொன்னாள். வாஷிங் மெஷினை மட்டும் சொல்லவில்லை. அம்மா பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் கையால் துவைக்கிறவள். அவள் விரல் இடுக்குகள் குளிர்காலத்தில் வெடித்திருக்கும்.

அறை விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒடெச்சி மேடம் சொன்ன விதியை அப்படியே சொன்னாள், எதையும் கூட்டவில்லை. நான் உன்னைப் போடச் சொல்லவில்லை அம்மா, அறை போனால் போகட்டும், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

"அந்தத் தாள்ல என்ன எழுதணும்?" என்று அம்மா கேட்டாள்.

"கணவர் வால்டெமீரோட நான் இப்ப சேர்ந்து வாழலன்னு. எந்தத் தேதிலேர்ந்துன்னு போடணும்."

"தேதி நான் போட்டுக்கறேன்."

ஒவ்வொரு நாளும் பேச்சு முடியும்போது ஜுசாரா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்பாள், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று அம்மா சொல்வாள், அதற்குப் பிறகுதான் போனை வைப்பார்கள். அன்றைக்கு அவள் கேட்பதற்குள் அம்மா வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா அன்று இரவு வீட்டுக்கு வருகிற நாள் என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கிரெய்சி ஒரு தட்டில் நூடுல்ஸ் வைத்துக் கொடுத்தாள். அது அப்படியே ஆறிப்போயிற்று.

மறுநாள் காலை ஆறேகால் பஸ்ஸில் க்ளெவுசா மரிலியாவில் வந்து இறங்கினாள். ஒன்பது மணிக்கு ஒடெச்சி மேடத்தின் மேசையில், கணவரைப் பிரிந்து வாழ்வதாக எழுதிய தாளில், பிரிந்த நாள் என்று முந்தின நாள் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். கிரெய்சியும் விடுதிக் காவலாளியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அறை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.